கீறலும் பிழையும்

மனிதருக்குப் பொழுதுபோக்கு ஒன்று இருந்தால் வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டு இருந்தால் முணுமுணுப்பார்கள். அவ்விரண்டும் அயல்நாட்டாருடையனவாகவும் இருந்துவிட்டால், "இவருக்கு என்ன நேர்ந்தது?" என்று ஊரிலிருந்து உறவினர் கடிதம் எழுதி விசாரிப்பார்கள். நமது நிலை இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பது ஒன்று. பேஸ்போல் ஆட்டத்தைப் பென்சிலும் தாளும் கையிற் கொண்டு பின்தொடர்வது மற்றொன்று. நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்து, பனங்கூடலுக்கு அருகே கிரிக்கெட் ஆடிய யாழ்ப்பாணத்தவரான நமக்கு இவ்விரண்டும் எவ்வாறு வந்து ஒட்டின என்பதை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். சொல்லும்பொழுது, நாம் செய்த தவறு ஒன்றையும் மறையாது சொல்லவேண்டியிருக்கின்றது.

உயர்கல்வியின் பொருட்டு நாம் அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள கன்சாஸ் சிற்றி நகருக்குப் போய்ச் சேர்ந்தது 1985ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில். அவ்வாண்டு ஒக்டோபர் 27ஆம் திகதி இரவு நகரத்து மோட்டார் வண்டிகளெல்லாம் ஒரே குரலில் ஊதத் தொடங்கின. யாது விபரீதமோ என்று அஞ்சி வெளியே வந்தோம். ஊரின் றோயல்ஸ் அணி, அதே மாநிலத்துச் சென் லூயிஸ் அணியைப் 11க்கு 0 என்ற கணக்கில் வென்று உலகத் தொடரைக் கைப்பற்றிவிட்டதாம். இது ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா போலும் என்று எண்ணிக்கொண்டோம். அவ்வணி இறுதிச்சுற்று ஆட்டங்களில் மறுபடி கால்வைக்க 29 ஆண்டுகள் செல்லும் என்பதை அன்று யார் அறிவார்?

அன்றிரவு பக்கத்து வீட்டு விறாந்தையில் ஒரு பெரியவர் வானொலியருகே தனியாக அமர்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். புகைவண்டிப் பகுதியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற கறுப்பினத்தவர், வயது அறுபத்தேழு. ஊர் முழுவதும் ஆரவாரிக்க, அவர்மட்டும் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது நமக்கு விசித்திரமாய்ப் பட்டது. ஊர்ப் பழக்கத்தில் "சேர்" என்று விளித்து, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த நாடு, மகனே?"

சொன்னோம்.

"கிரிக்கெட் ஆடுகிற நாடல்லவா? அப்படியானால் பாதி தெரிந்திருக்கும். மீதியை நான் சொல்லித் தருகிறேன்."

அந்த மீதியைக் கற்று முடிக்க நமக்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன.

பேஸ்போல் களம் ஒரு சதுரத்தைக் கோணலாகத் திருப்பி வைத்தது போன்றது. மூலைக்கு மூலை 90 அடி. ஒன்பது பேர், ஒன்பது இனிங்ஸ். களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. பந்தெறிபவர் 1, அவருக்கு எதிரே பிடிப்பவர் 2, இவ்வாறே 9 வரைக்கும். ஆறாமவர் பந்தை எடுத்து நான்காமவருக்கும், அவர் மூன்றாமவருக்கும் எறிந்து இருவரை ஆட்டமிழக்கச் செய்தால், '6-4-3' என்று சிறு கட்டத்துள் எழுதினாற் போதும். நாற்பது ஆண்டு கழித்து அந்தத் தாளை எடுத்தாலும், அன்றைய மாலையின் ஒவ்வொரு பந்தும் கண்முன் வந்து நிற்கும்.

நம்மை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. பேஸ்போலின் புள்ளிப் பலகையில் ஓட்டங்களுக்கும் அடிகளுக்கும் பக்கத்திலே மூன்றாவதாக ஒரு நிரல் உண்டு. அது பிழைகளுக்கு உரியது. கிரிக்கெட்டில் இலகுவான பிடியை ஒருவர் நழுவவிட்டால் பார்வையாளர் ஏசுவர். ஆயினும் பதிவேட்டில் அவர் பெயர் ஏறுவதில்லை. இங்கோ, பிடிக்கவேண்டிய பந்தைத் தவறவிட்டவரின் இலக்கத்தோடு 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்து எழுதிவிடுவர். "பிழையை மறைத்த பதிவு, பொய்ப் பதிவு, மகனே," என்பார் பெரியவர்.

கோடையிலே பேஸ்போல். ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் என்பதால் ஏறக்குறைய நாள்தோறும் உண்டு. மாரி வந்து களங்கள் பனியால் மூடப்பட்டதும் பெரியவர் விறாந்தையை விட்டு உள்ளே போய்விடுவார். உள்ளே அவருடைய இரண்டாவது உலகம் இருந்தது. நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய இசைத்தட்டுகள் சுவரோரமாக அடுக்கடுக்காய் நின்றன. பெரும்பாலானவை ஜாஸ்.

அத்தட்டுகளைக் கையில் எடுத்தபொழுதுதான் ஓர் உண்மை தெரியவந்தது. அவை அரக்கினால் ஆனவை. தபாற் பொதிக்கு முத்திரை வைக்கிறோமே, பாண்டவரை எரிக்கவென்று மாளிகை கட்டினார்களே, அதே அரக்குத்தான். மரக்கிளையில் வாழும் சிறு பூச்சியிலிருந்து பெறப்படும் இப்பொருளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே போயிற்று. அதனோடு கற்பொடியும் கரியும் கலந்து அழுத்திய தட்டிலேதான் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து ஆம்ஸ்ட்றோங்கின் ஊதுகுழல் பதிந்து உலகெங்கும் சென்றது. பத்து அங்குலத் தட்டு. பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். அம்மூன்று நிமிடத்துள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கவேண்டும். 1948இல் நெடுநேரம் ஓடும் தட்டு வரும்வரைக்கும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேதான் ஜாஸ் மேதைகள் தம் கற்பனையைச் செலுத்தினர்.

ஆட்டத்துக்கும் இசைக்கும் உள்ள உறவைப் பெரியவர் சுவைபடச் சொல்வார். ஜாஸ் என்னும் சொல்லே இசைக்கு முன்னர் பேஸ்போலுக்கு உரியதாய் இருந்தது. 1912இல் பென் ஹெண்டர்சன் என்ற பந்தெறிபவர், தாம் கண்டுபிடித்த புதுவகைப் பந்து ஒன்றை அச்சொல்லால் அழைத்தார் என்று லொஸ் ஏஞ்சலிஸ் பத்திரிகை எழுதிற்று. மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் விளையாட்டுப் பக்கங்களில் அது துடிப்பு, உற்சாகம் என்னும் பொருளில் வழங்கிற்று. இசைத்தட்டின் மேலுறையில் அச்சொல் ஏறியது அதன் பின்னரே. முதல் ஜாஸ் தட்டு வெளிவந்தது 1917இல். டியூக் எலிங்டன் சிறுவராயிருந்தபொழுது வாசிங்டன் பேஸ்போல் மைதானத்தில் கடலை விற்றவர். ஆம்ஸ்ட்றோங் 1931இல் தம் சொந்த ஊரில் ஓர் அணிக்கு வெள்ளைவெளேரென்ற சீருடை வாங்கிக் கொடுத்தார். உடை அழுக்காகிவிடும் என்று அவ்வணியினர் மண்ணிற் சறுக்கி ஓடவே மறுத்தார்கள் என்று அவர் பின்னர் சொல்லிச் சிரித்ததுண்டு.

நம் பங்குக்கு நாமும் ஒன்று சொன்னோம். 1963இல் எலிங்டன் தமது குழுவினருடன் நம் இலங்கைக்கும் வந்து வாசித்தார் என்றோம். "நீ போய்க் கேட்டாயா?" என்று பெரியவர் ஆவலோடு வினவினார். அப்பொழுது நமக்கு வயது இரண்டு.

இனி நமது தவற்றுக்கு வருவோம்.

பெரியவரிடம் ஒரு தட்டு இருந்தது. கன்சாஸ் சிற்றியின் பெனி மோற்றன் குழுவினர் 1932 டிசம்பரில் நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகரில் பதிவுசெய்த 'மோற்றன் சுவிங்'. பியானோவில் இருந்தவர் இளைஞரான கவுண்ட் பேஸி. நாடே பெருமந்தத்திற் கிடந்த காலமாதலால் தட்டு வாங்குவார் அரிது. எனவே அவை மிஞ்சியதும் அரிது. 1987ஆம் ஆண்டு மாரியில் ஒருநாள் அதைத் தாமாகவே எடுத்து நம் கையில் தந்து, "கொண்டுபோய் ஒரு வாரம் கேள், அவசரப்பட்டுக் கேட்கும் பாட்டு அன்று" என்றார்.

பனிக்கட்டி படர்ந்த படிக்கட்டில் எவ்வாறு கால்வைப்பது என்பதை யாழ்ப்பாணம் நமக்குக் கற்பித்திருக்கவில்லை. வீட்டை அடையுமுன் மூன்றாவது படியிற் சறுக்கி விழுந்தோம். முழங்கை தப்பியது, தட்டு தப்பவில்லை. உறைக்குள்ளே மூன்று துண்டுகள்.

உடனே திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. துண்டுகளைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தோம். ஒரு வாரம் கழிந்தது. "இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றோம்" என்றோம். அவர் புன்னகையோடு தலையசைத்தார். அந்தப் புன்னகை நம்மைச் சுட்டது.

அன்று தொடங்கியது நமது தட்டு வேட்டை. பழம்பொருட் கடைகள், தேவாலயங்களின் விற்பனை நாட்கள், காலமானவர்களின் வீட்டுச் சாமான்களை விற்கும் முற்றங்கள் எங்கும் அலைந்தோம். மேலுறை நிறத்தைக் கொண்டு காலத்தை ஊகிக்கவும், வெளிச்சத்திற் சாய்த்துப் பிடித்துத் தேய்வை அளக்கவும், நடுவட்டத்தை அடுத்துப் பொறித்த நுண்ணிய இலக்கங்களைப் படிக்கவும் கற்றுக்கொண்டோம். தேடியது கிடையாவிடினும் தேடாதவை கிடைத்தன. அவற்றை வாங்கினோம், கேட்டோம், மயங்கினோம். அன்பினால் தட்டுச் சேர்ப்பவர் பலர். நாம் குற்ற உணர்ச்சியினால் சேர்க்கத் தொடங்கியவர்கள்.

1989 வசந்த காலத்தில், சென் லூயிஸ் நகரில் ஒரு வீட்டு முற்றத்திலே, நத்தார்க் கீதத் தட்டுகளுக்கு அடியில் அது அகப்பட்டது. அதே பாட்டு, அதே பதிவு, புதுக்கருக்குக் குலையாத தட்டு. வழிநெடுக மடியில் வைத்துக்கொண்டு வந்து, பெரியவரிடம் நீட்டினோம். "கேட்டு முடிந்தது, சேர்."

அவர் அதைச் சுழலவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். பாதிப் பாட்டில் அவருடைய ஆள்காட்டி விரல் எதையோ எதிர்பார்த்து மெல்ல உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது. பாட்டு முடிந்ததும் கண் திறந்தார்.

"நல்ல தட்டு இது. என்னுடையது அன்று."

நமக்கு நா வறண்டது. படிக்கட்டிலிருந்து பெட்டியின் அடி வரைக்கும் யாவற்றையும் சொல்லி முடித்தோம். அவர் சினக்கவில்லை. சிறிதுநேரம் கழித்துச் சொன்னார். 1940ஆம் ஆண்டு ஓர் இரவு, இந்தப் பாட்டுக்கு அவருடைய மனைவி இதே அறையில் ஆடினாராம். ஆடிய வேகத்தில் இடுப்புப் பட்டு மேசை அசைந்து, ஊசி துள்ளித் தட்டைக் கீறிவிட்டது. அன்று முதல் அந்த இடத்தில் 'டிக், டிக்' என்று ஏழெட்டுத் தடவை ஒலிக்கும். மனைவியார் 1979இல் காலமாகிவிட்டார். அந்தக் கீறல் ஒலிக்கும்போதெல்லாம் அவர் அறைக்குள் வந்து போவதுபோல் இருக்குமாம்.

நாம் உடைத்தது அரக்குத் தட்டை மட்டும் அன்று என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம்.

"துண்டுகள் இருக்கின்றனவா?" என்று கேட்டார். ஓடிப்போய்க் கொண்டுவந்தோம். கீறல் விழுந்த துண்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்து, மூன்றையும் தமது மேசை அறைக்குள் வைத்துக்கொண்டார். பின்பு காதிற் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் புதிய தட்டின் உறையில் திகதியிட்டு, 'ஈ-10' என்று எழுதி நம்மிடமே திருப்பித் தந்தார்.

"களத்தில் ஒன்பது பேர்தானே, சேர்?"

"நீ பத்தாவது ஆள். பிழை போட்டவனை யாரும் களத்தைவிட்டுத் துரத்துவதில்லை, மகனே. அடுத்த பந்தும் அவனிடமே வரலாம். நிற்கவேண்டும்; அவ்வளவுதான்."

1995ஆம் ஆண்டின் இறுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபொழுது நமது பெற்றோரும் கைப்பொதியோடு வெளியேறினர் என்ற செய்தி நமக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆயினும் தந்தையாரின் கிராமபோனும் தட்டுகளும் வீட்டோடு போயின. அவற்றுள் ஒன்று திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை அவர்களின் தோடி. இதைப் பெரியவரிடம் சொன்னபொழுது அவர் ஆறுதல் மொழி ஒன்றும் கூறவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதில் கீறல் இருந்ததா?"

இருந்தது. ஆலாபனையில் ஓரிடத்தில் ஊசி துள்ளி, ஒரு பிடி இருமுறை ஒலிக்கும். சிறுவயதில் அதுதான் இராகம் என்று எண்ணியிருந்தோம். துள்ளலோடு சேர்த்து அதை அவருக்கு வாய்விட்டுப் பாடிக் காட்டினோம். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னொரு முறை" என்றார். இராஜரத்தினம்பிள்ளையின் தோடியை இன்று யாரும் கேட்கலாம். நம் வீட்டுத் தோடி அன்றிரவு கன்சாஸ் சிற்றியில் இருவர் காதில் மட்டும் ஒலித்தது.

பதிவு என்பது எவ்வளவு எளிதில் நழுவிப் போகும் பொருள் என்பதை இவ்விரு பொழுதுபோக்குகளும் நமக்குக் கற்பித்தன. ஜாஸின் தொடக்கத்தில் நின்றவர் என்று கொண்டாடப்படும் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் படி போல்டன் 1931இல் இறந்தார். அவருடைய ஒலியைச் சுமக்கும் பதிவு ஒன்றேனும் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது அரக்குத் தட்டுப்பாட்டால் பழைய தட்டுகளை மக்கள் உருக்கக் கொடுத்தனர். அதே காலத்தில், 1942 ஓகஸ்டில் இசைவாணர் சங்கம் தொடங்கிய பதிவு மறுப்பு 1944 வரை நீடித்தது. சார்லி பார்க்கர் முதலியோர் புதுநெறி கண்ட அவ்வாண்டுகளின் ஒலி பெரும்பாலும் காற்றோடு போயிற்று.

பேஸ்போலிலும் அதே கதை. நிறவேற்றுமை காரணமாகப் பெரிய அணிகள் கறுப்பு ஆட்டக்காரரைச் சேர்க்கவில்லை. 1920இல் கன்சாஸ் சிற்றியிலேதான் அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். ஊரின் மொனாக்ஸ் அணி 1930இலேயே நடமாடும் மின்விளக்குகளைக் கொண்டு இரவில் ஆடியது. பெரிய அணிகள் அதைச் செய்தது 1935இல். 1930 ஓகஸ்டில் அம்மங்கலான வெளிச்சத்தில், ஸ்மோக்கி ஜோ வில்லியம்ஸ் பன்னிரண்டு இனிங்ஸில் 27 பேரை அடிக்கவிடாது வெளியேற்றியதைப் பெரியவர் பன்னிரண்டு வயதில் நேரிற் கண்டவர். ஆயினும் இத்தகைய ஆட்டங்கள் பலவற்றின் கணக்கைப் பெரும் பத்திரிகைகள் வெளியிடவில்லை. ஜோஷ் கிப்சன் என்னும் ஒப்பற்ற அடிவீரர் 1947 சனவரியில் முப்பத்தைந்து வயதில் மறைந்தார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15ஆம் திகதி, மொனாக்ஸில் ஆடிய ஜாக்கி றொபின்சன் புறூக்ளின் அணிக்காகக் களமிறங்கித் தடையை உடைத்தார். 1949இல் கவுண்ட் பேஸி அவரைப் புகழ்ந்து ஒரு பாட்டையே பதிவுசெய்தார். றொபின்சனும் 1963இல் தம் வீட்டுப் புல்வெளியில் ஜாஸ் கச்சேரி வைத்து, சம உரிமைக்காகச் சிறைசென்றோரைப் பிணையில் எடுக்கப் பணம் திரட்டினார். இசையும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று கைகொடுத்த கதை இது.

1997இல், நகரின் பதினெட்டாம் வீதியும் வைன் வீதியும் சந்திக்கும் இடத்தில், ஒரே கட்டடத்தின் ஒரு பக்கம் ஜாஸ் நூதனசாலையும் மறுபக்கம் கறுப்பினத்தவர் பேஸ்போல் நூதனசாலையுமாகத் திறக்கப்பட்டன. பெரியவரை அழைத்துச் சென்றோம். பார்க்கரின் பிளாத்திக்குச் சக்சபோன் முன்னே நெடுநேரம் நின்றார். மறுபக்கத்தில் வெண்கல வீரர்கள் களத்தில் நிற்கின்றனர். பந்தெறியும் இடத்தில் சாச்சல் பேஜ். எதிரே குந்தியிருப்பவர் கிப்சன். உள்ளே நுழைபவர்கள் அவர்களைக் கம்பிவலைக்கு அப்பால் நின்றே பார்க்கலாம். வரலாறு முழுவதையும் சுற்றி வந்த பின்னரே களத்தில் இறங்க வழி உண்டு. பெரியவர் ஊன்றுகோலோடு இறங்கிப்போய், கிப்சனின் வெண்கலத் தோளிற் கைவைத்து, "உன் கணக்கு இன்னும் முடியவில்லை" என்றார்.

1999இல் அவர் காலமானார். தட்டுகளை மகளார் எடுத்துச் சென்றார். உடைந்த மூன்று துண்டுகளையும் தந்தையாரின் விருப்பப்படி பெட்டியிலே கூட வைத்ததாகச் சொன்னார்.

2014 செப்ரெம்பர் 30ஆம் திகதி, 29 ஆண்டு காத்திருப்புக்குப் பின் றோயல்ஸ் அணி ஓக்லந்து அணியை எதிர்த்தது. எட்டாம் இனிங்ஸில் 7க்கு 3 என்று பின்தங்கி நின்றபொழுது நம்பிக்கை இழந்தோர் பலர். கணக்கெழுதுபவருக்கு எழுந்து போகும் உரிமை இல்லை. நாம் இருந்தோம். பன்னிரண்டாம் இனிங்ஸில் 9க்கு 8 என்று வென்றனர். ஊர் ஆரவாரித்தது. நாமோ கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்பொழுதுதான் 1985ஆம் ஆண்டு இரவில் விறாந்தையிலிருந்த மனிதரை முழுவதும் விளங்கிக்கொண்டோம்.

2024 மே மாதத்தில் மற்றொரு செய்தி வந்தது. ஆய்வாளர் பல ஆண்டுகள் பழைய பத்திரிகைகளைத் துருவி எடுத்த கறுப்பின அணிகளின் கணக்குகள் பெரிய அணிகளின் ஏட்டிலே சேர்க்கப்பட்டன. அதன்படி ஆயுட்கால அடி விகிதத்தில், ஆயிரத்துக்கு 367 என்று முதலிடத்திலிருந்த றை கொப்பைத் தாண்டி, 372 என்னும் கணக்கோடு கிப்சன் முதலிடம் பெற்றார். இறந்து 77 ஆண்டுகளுக்குப் பின் வந்த பெருமை. கிடைத்த தாள்களின் கணக்குத்தான் அது. கிடையாதவற்றை யார் கூட்டுவார்? ஆயினும் எவரோ சிலர் அன்று மங்கிய வெளிச்சத்தில் பென்சிலால் எழுதி வைத்ததனாலன்றோ இவ்வளவாவது மிஞ்சிற்று?

அன்றிரவு நாம் 'மோற்றன் சுவிங்' தட்டை எடுத்தோம். உறையில் 'ஈ-10' மங்கலாகத் தெரிகிறது. அதை அழிப்பதற்கு நமக்கு மனமில்லை. தட்டு சுழன்றது. பாதிப் பாட்டில் நமது ஆள்காட்டி விரல் தானாகவே உயர்ந்தது. தட்டில் அந்த ஒலி இல்லை. ஆயினும் நமக்குக் கேட்டது.